தனக்குத் தானே புரமோட்டர்: ஆட்லி ஹாரிசனின் இரு வாழ்க்கைகள்

2010 நவம்பர் 13 அன்று இரவு மான்செஸ்டரில், டேவிட் ஹே வைத்திருந்த டபிள்யூ.பி.ஏ. உலக ஹெவிவெயிட் பட்டத்துக்காக ஆட்லி ஹாரிசன் களமிறங்கினார். மூன்றாவது சுற்றிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. குத்துகளை எண்ணிப் பதிவுசெய்பவர்களின் கணக்குப்படி, அந்த மூன்று சுற்றிலும் ஹாரிசன் எதிராளிமீது பதித்த குத்து ஒன்றே ஒன்று. வீட்டிலிருந்து தனிக் கட்டணம் கட்டிப் பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். அவருடைய ஊதியத்தைக்கூட பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியம் கொஞ்ச காலம் நிறுத்திவைத்துவிட்டுத்தான் கொடுத்தது. இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, 2000 அக்டோபர் 1 அன்று, சிட்னி ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் கஜகஸ்தானின் முக்தார்கான் தில்தாபெகோவை 30க்கு 16 என்ற புள்ளிக் கணக்கில் வென்று சூப்பர் ஹெவிவெயிட் தங்கத்தை எடுத்தவரும் இவரேதான். அங்கே எட்டு நிமிடத்தில் முப்பது குத்துகள் அவர் கணக்கில் ஏறின. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் என்னதான் நடந்தது?

பிரிட்டனில் இதற்கு ஒரு விடை எப்போதும் தயாராக இருக்கிறது. ஆளுக்குத் திறமை இருந்தது, நெஞ்சுரம் இல்லை. வாய்ப்பேச்சு பெரிது, தாடை பலவீனம். ஆட்லி என்ற பெயரையே ‘ஃப்ராட்லி’ (மோசடிக்காரர்) என்று திரித்து எழுதிச் சிரித்தார்கள். தனி மனிதனின் குணத்தைக் குற்றம் சொல்லும் இந்த விளக்கம் கேட்கச் சுவையானதுதான், ஆனால் ஆதாரங்களோடு வைத்துப் பார்த்தால் நிற்கவில்லை. ஹாரிசனின் தோல்விக்குக் காரணம் அவருடைய அமெச்சூர் வெற்றியிலேயே இருந்தது என்பதும், அதைச் சரிசெய்திருக்கக்கூடிய ஒரே ஏற்பாட்டை அவரே நல்ல நோக்கத்தோடு கலைத்துவிட்டார் என்பதும்தான் என் வாதம். அந்த ஏற்பாட்டின் பெயர் புரமோட்டர். போட்டிகளை ஏற்பாடு செய்பவர், குத்துச்சண்டை உலகில் வீரர்களின் ரத்தத்தை உறிஞ்சுபவர் என்று எல்லோரும் திட்டும் அதே ஆள்.

ஹாரிசன் 1971 அக்டோபரில் லண்டனில் பிறந்தவர். வளரும் வயதில் சட்டத்தோடு மோதி, இளம் குற்றவாளிகளுக்கான சிறையிலும் இருந்திருக்கிறார். இருபதை ஒட்டிய வயதில்தான் கையுறை மாட்டினார். பிறகு புருனெல் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக் கல்வி படித்தார். 1997இலும் 1998இலும் இங்கிலாந்து அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கத்தின் (ஏ.பி.ஏ.) சூப்பர் ஹெவிவெயிட் பட்டம், 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் தங்கம் என்று ஏறிவந்தார். அந்த வயதில் வேறு எந்த பிரிட்டிஷ் வீரராக இருந்தாலும் தொழில்முறைக்குத் தாவியிருப்பார். ஹாரிசன் தாவவில்லை. காரணம் எளிது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரிட்டன் ஒரே ஒரு தங்கத்தோடு திரும்பி அவமானப்பட்ட பிறகு, தேசிய லாட்டரிப் பணம் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்குப் பாயத் தொடங்கியிருந்தது. முழுநேரம் பயிற்சி எடுத்தபடி அமெச்சூராகவே தொடர்வது முதன்முறையாகச் சாத்தியமானது. அந்தப் பணத்தை நம்பிக் காத்திருந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். சிட்னிக்கு பிரிட்டன் அனுப்பிய குத்துச்சண்டை வீரர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் தங்கத்தோடு வந்தார். 1968இல் கிறிஸ் ஃபினகன் வென்ற பிறகு குத்துச்சண்டையில் பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. சூப்பர் ஹெவிவெயிட் என்ற பிரிவு 1984இல் தொடங்கியதிலிருந்து பிரிட்டன் அதில் தங்கம் பார்த்ததே இல்லை.

அந்தத் தங்கம் எப்படி வெல்லப்பட்டது என்பதைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த அத்தனைக்கும் விதை அங்கேதான் இருக்கிறது. 1988 சோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ், எதிராளியை மூன்று சுற்றும் அடித்துத் துவைத்த பிறகும், தோற்றதாக நடுவர்கள் அறிவித்தார்கள். அந்த அசிங்கத்துக்குப் பிறகு 1992 முதல் 2012 வரை ஒலிம்பிக்கில் கணினிப் புள்ளி முறை இருந்தது. ரிங்கைச் சுற்றி ஐந்து நடுவர்கள். ஒவ்வொருவர் கையிலும் சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என இரண்டு பொத்தான்கள். ஐவரில் மூவராவது ஒரு விநாடிக்குள் ஒரே நிறத்தை அழுத்தினால்தான் புள்ளி. நேர்மைக்காகக் கொண்டுவந்த முறைதான், ஆனால் அது ஒரு குறிப்பிட்ட வகைக் குத்தை மட்டுமே பார்க்கும் கண்ணாக மாறிப்போனது. நெருங்கி நின்று விலாவில் இறக்கும் குத்து, ரிங்கின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் நடுவருக்குத் தெரியாது. நான்கைந்து குத்துகள் சரமாரியாக விழுந்தால், பொத்தானை அழுத்தும் விரல் ஒன்றைத்தான் பிடிக்கும். எதிராளியின் கால் தள்ளாட வைத்த குத்துக்கும் நெற்றியைத் தொட்டுச்சென்ற குத்துக்கும் ஒரே ஒரு புள்ளிதான். தூரத்திலிருந்து, நேர்க்கோட்டில், தனியாக, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி முகத்தில் பதியும் குத்து மட்டும் தவறாமல் கணக்கில் ஏறும். முன்னிலை கிடைத்துவிட்டால் மிச்ச நேரத்தை விலகி நின்றே கழித்துவிடலாம்.

இந்த இயந்திரத்துக்காகவே ஒரு மனிதனைச் செய்யச் சொன்னால் ஹாரிசனைத்தான் செய்வார்கள். உயரம் ஆறடி ஐந்தங்குலத்துக்கு மேல், நீண்ட கைகள், அதோடு இடக்கைக்காரர். பெரும்பாலான எதிராளிகளுக்குப் பழக்கமில்லாத கோணத்திலிருந்து அவருடைய வலக்கை ஜாப் வரும். அவர்கள் பதிலுக்கு எட்டிக் குத்தும்போது அவர் அங்கே இருக்க மாட்டார். சிட்னியில் ஒரு போட்டி இரண்டிரண்டு நிமிடங்களாக நான்கு சுற்று. ரஷ்யர், உக்ரைன்காரர், இத்தாலியர், கஜகஸ்தான்காரர் என்று அமெச்சூர் குத்துச்சண்டையின் கடினமான பள்ளிகளிலிருந்து வந்தவர்களைத்தான் அவர் வரிசையாகத் தாண்டினார். அரையிறுதியில் இத்தாலியின் பாவ்லோ விடோஸை வென்றதும் 32க்கு 16 என்று இரட்டிப்புக் கணக்கில். அதிர்ஷ்டத்தில் வந்த தங்கம் என்று யாரும் சொல்ல முடியாது. விதிகளைப் படித்து, தன் உடம்பை அதற்குள் கச்சிதமாகப் பொருத்திய அறிவாளியின் வெற்றி. கோழை, சோம்பேறி என்ற பட்டங்களுக்கு இந்த ஒரு தொடரே போதுமான மறுப்பு.

தொழில்முறையில் அந்தக் கண் கிடையாது. சுற்று மூன்று நிமிடம், பெரிய போட்டி என்றால் பன்னிரண்டு சுற்று, தலைக்கவசம் இல்லை. சுற்று முழுக்க யார் ஆதிக்கம் செலுத்தினார் என்று பார்த்துப் பத்துக்கு ஒன்பது என மதிப்பெண் போடுகிறார்கள். பட்டம் இல்லாத போட்டி என்றால் பிரிட்டனில் ரிங்குக்குள் நிற்கும் நடுவர் ஒருவரே மதிப்பெண்ணும் போடுவார். முன்னேறி வருபவன், கனமாக அடிப்பவன், எதிராளியைப் பின்வாங்க வைப்பவன் ஆகியோருக்கே மரியாதை. இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். ஹாரிசன் என்றாலே நாக் அவுட் ஆகி விழும் காட்சிதான் பலர் நினைவுக்கு வருகிறது. ஆனால் அவருடைய முதல் இரண்டு தோல்விகளும் புள்ளித் தோல்விகள். 2005 டிசம்பரில் லண்டனில் காமன்வெல்த் பட்டத்துக்காக டேனி வில்லியம்ஸுடன் பன்னிரண்டு சுற்று ஆடி, பத்தாவது சுற்றில் ஒருமுறை விழுந்து எழுந்து, நடுவர்கள் இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்த தீர்ப்பில் தோற்றார். நான்கு மாதம் கழித்து அமெரிக்காவில் டாமினிக் கின்னிடம் பத்துச் சுற்று ஆடி மறுபடியும் புள்ளியில் தோல்வி. 2008 டிசம்பரில், அதற்கு முன்பு டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த பெல்ஃபாஸ்ட்காரர் மார்ட்டின் ரோகனிடமும் புள்ளியில்தான். தொழில்முறையில் அவர் தோற்ற ஏழில் மூன்று இப்படி வந்தவை. புள்ளி சேர்ப்பதையே கலையாகக் கற்றவர் புள்ளியிலேயே தோற்கிறார் என்றால், கலை கெட்டுப்போகவில்லை, அதை மதிக்கும் இடம் மாறிவிட்டது என்றுதான் பொருள். அந்த மூன்று போட்டிகளிலும் ஹாரிசன் ஒவ்வொரு குத்துக்குப் பிறகும் விலகி நின்று, அது எங்கோ பதிவாகும் என்று காத்திருப்பவர்போல ஆடினார்.

இந்தப் பழக்கம் மாறக்கூடியதுதான். அமெச்சூரிலிருந்து வருகிற எல்லோரும் ஏதோ ஒரு அளவில் இதை மாற்றிக்கொண்டுதான் பிழைக்கிறார்கள். மாற்றுவதற்குத் தேவை, சரியான நேரத்தில் சரியான அளவு ஆபத்து. அந்த ஆபத்தை யார் ஏற்பாடு செய்வது? ஹாரிசன் கதையில் இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. சிட்னியிலிருந்து திரும்பியவரை பிரிட்டனின் எல்லா புரமோட்டர்களும் சூழ்ந்துகொண்டார்கள். அவர் யாரிடமும் கையெழுத்துப் போடவில்லை. ‘ஏ-ஃபோர்ஸ் புரமோஷன்ஸ்’ என்று சொந்த நிறுவனம் தொடங்கி, பிபிசியோடு நேரடியாகப் பத்துப் போட்டிகளுக்கு ஒரு மில்லியன் பவுண்ட் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒரே ஒரு தொழில்முறைப் போட்டிகூட ஆடாத ஒருவருக்கு இது நம்பமுடியாத தொகை. குத்துச்சண்டையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த முடிவின் நியாயம் உடனே புரியும். உழைத்தவன் கடனோடு போவதும் ஏற்பாடு செய்தவன் மாளிகை கட்டுவதும் இந்தத் தொழிலில் பழகிப்போன கதை. தன் உடம்பு சம்பாதிப்பது தன் கைக்கே வர வேண்டும் என்று ஒரு கறுப்பின வீரர், அதுவும் பல்கலைக்கழகம் போய்வந்தவர், நினைத்ததில் என்ன தவறு? அந்த நேரத்தில் அதைப் புத்திசாலித்தனம் என்று பாராட்டியவர்களும் நிறைய பேர்.

தவறு நோக்கத்தில் இல்லை. புரமோட்டர் செய்யும் வேலை இன்னது என்ற கணிப்பில்தான். புரமோட்டர் பணத்தை வெட்டிக்கொள்பவர் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, வீரனுக்கும் வீரனின் பயத்துக்கும் நடுவில் நிற்பவர் அவர் என்பது. முதலீடு செய்திருப்பதால் வீரன் சீக்கிரம் அழிந்துவிடக் கூடாது. லாபம் வேண்டும் என்பதால் வீரன் சும்மாவும் இருக்கக் கூடாது. இந்த இரண்டு ஆசைகளின் இழுபறியில்தான் அடுத்த எதிராளி யார் என்பது தீர்மானமாகிறது. ஆறாவது போட்டியில் கொஞ்சம் கனமாக அடிப்பவன், பத்தாவதில் எட்டுச் சுற்று தாக்குப்பிடிப்பவன், பன்னிரண்டாவதில் வெல்லவும் கூடியவன் என்று படி ஏற்றுவதற்கென்றே தனி ஆட்களை அவர்கள் வைத்திருப்பார்கள். வீரனே புரமோட்டராக இருக்கும்போது இந்த இழுபறி இல்லாமல் போகிறது. தோற்றால் இழப்பும் தனக்கு, அடியும் தனக்கு. போதாக்குறைக்குப் பத்துப் போட்டிக்குப் பணம் முன்கூட்டியே பேசி முடித்தாகிவிட்டது. எதிராளி கடினமானவராக இருந்தாலும் எளியவராக இருந்தாலும் தொகை மாறாது. இந்த நிலையில் யாராக இருந்தாலும் எளியவரைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குப் பேராசையோ கோழைத்தனமோ தேவையில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

அப்படித்தான் நடந்தது. 2001 மே 19 அன்று வெம்ப்லி அரங்கில் நடந்த அறிமுகப் போட்டியில் எதிரில் வந்தவர் மைக் மிடில்டன். ஃப்ளோரிடாவைச் சேர்ந்தவர், தனியார் துப்பறிவாளராகவும் வேலை பார்த்தவர். முதல் சுற்றிலேயே முடிந்தது. நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்த்த இரவு அது, அதனாலேயே எதிராளியின் தரமும் நாடு முழுக்கத் தெரிந்துபோனது. இரண்டாவது போட்டியில் டெரெக் மெக்காஃபர்ட்டி ஆறு சுற்றும் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு வந்தவர்களில் பலர் உயரம் குறைந்தவர்கள், வயதானவர்கள், அல்லது அழைத்ததும் வரக்கூடியவர்கள். 2004இல் டச்சுக்காரர் ரிச்செல் ஹெர்சிசியாவை வென்று ஹாரிசன் டபிள்யூ.பி.எஃப். பட்டத்தைப் பிடித்தார். உலகப் பட்டம் என்று பெயர்தானே தவிர, விவரம் தெரிந்தவர்கள் பொருட்படுத்தும் நான்கு அமைப்புகளில் அது சேராது. அந்தப் பட்டத்தைக் காக்க அவர் ஆடியவர்களில் ஒருவர் ஜூலியஸ் ஃபிரான்சிஸ். 2000இல் மைக் டைசனுடன் மோதப் போனபோது தன் காலணியின் அடிப்பாகத்தை ஒரு நாளிதழுக்கு விளம்பர இடமாக விற்றவர் இவர். மல்லாந்து விழப்போவது உறுதி என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்ட வியாபாரம், இதைவிட நேர்மையான விளம்பர ஒப்பந்தம் விளையாட்டு வரலாற்றில் இருக்குமா தெரியவில்லை. ஃபிரான்சிஸ் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் சாம்பியன், ஆனால் 2004இல் அவரை வெல்வதால் யாருக்கும் எதுவும் நிரூபணமாகாது. பிபிசி ஒப்பந்தம் முடிந்து அமெரிக்கா சென்றபோது ஹாரிசன் தோல்வியே காணாதவர். வில்லியம்ஸை எதிர்கொள்ளும் முன் பத்தொன்பது போட்டி, பத்தொன்பது வெற்றி. பிரிட்டிஷ் பட்டத்துக்கு மட்டும் ஒருமுறைகூட மோதியிருக்கவில்லை.

இங்கே ஒரு தடை எழும். புதியவர்களுக்கு எளிய எதிராளிகளைக் கொடுப்பது குத்துச்சண்டையில் வழக்கம்தானே? ஃபிராங்க் புரூனோ தன் முதல் இருபத்தொரு போட்டிகளையும் நாக் அவுட்டில் வென்றார். அவற்றில் எதிராளிகள் எப்படிப்பட்டவர்கள் என்பதும் ஊரறிந்ததே. பிறகு 1984இல் ‘போன்கிரஷர்’ ஸ்மித்திடம் பத்தாவது சுற்றில் விழுந்தார். ஆனாலும் 1995இல் வெம்ப்லி மைதானத்தில் ஆலிவர் மெக்காலை வென்று உலக சாம்பியன் ஆகவில்லையா? ஆனார். அதோடு அவருடைய வயதையும் பார்க்க வேண்டும். புரூனோ பதினெட்டு வயதில் ஏ.பி.ஏ. பட்டம் வென்று, இருபது வயதில் தொழில்முறைக்கு வந்தவர். ஸ்மித்திடம் விழுந்தபோது அவருக்கு இருபத்திரண்டு. விழுந்ததைச் சரிசெய்ய அவர் முன்னால் பத்தாண்டுக்கு மேல் இருந்தது. நான்காவது முயற்சியில்தான் பட்டமும் கிடைத்தது. ஹாரிசன் அறிமுகமானதே இருபத்தொன்பது வயதில். இருபது வயதுக்காரனுக்கு எளிய எதிராளிகள் தொழில் பழகும் காலம். முப்பதை நெருங்குபவனுக்கு அதே எதிராளிகள் வெறும் காலவிரயம். முதல்முறையாகத் தனக்குச் சமமானவரை வில்லியம்ஸ் உருவில் அவர் சந்தித்தபோது வயது முப்பத்து நான்கு. பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் பருவம் அதற்குள் போய்விட்டது. லாட்டரிப் பணம் அவரை அமெச்சூரில் நெடுநாள் வைத்திருந்ததால் தங்கம் கிடைத்தது. அதே நெடுநாள்தான் தொழில்முறையில் அவருக்குக் கடனாக வந்து நின்றது. இதற்கு ஹாரிசனை எவ்வளவு குறை சொல்ல முடியும் என்று தெரியவில்லை. அவசரப்பட்டிருக்க வேண்டிய மனிதர் அவசரப்படவில்லை, அவசரப்படுத்தவும் பக்கத்தில் ஆளில்லை.

லெனாக்ஸ் லூயிஸோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். லண்டனில் பிறந்து கனடாவில் வளர்ந்த லூயிஸும் ஒலிம்பிக் சூப்பர் ஹெவிவெயிட் சாம்பியன்தான். 1988இல் கனடாவுக்காக, இறுதியில் ரிடிக் போவை வென்றார். அவரும் உயரமானவர், எச்சரிக்கையானவர், தூரத்திலிருந்து ஆட விரும்புபவர். ஆனால் 1989 ஜூனில் இருபத்து மூன்று வயதில் தொழில்முறைக்கு வந்ததும், ஃபிராங்க் மலோனியின் நிர்வாகத்தில் படிகள் விரைவாக ஏறின. 1990 அக்டோபரில் ஐரோப்பியப் பட்டம். 1991 மார்ச்சில், அதுவரை முப்பத்தைந்து போட்டிகளில் தோல்வியே காணாத கேரி மேசனை வென்று பிரிட்டிஷ் பட்டம். 1992 அக்டோபரில் ‘ரேசர்’ ருடாக்கை இரண்டே சுற்றில் சாய்த்தார். ஒலிம்பிக்கில் தோற்ற போவ் அந்த ஆண்டு டிசம்பரில் லூயிஸோடு மோதுவதைவிட டபிள்யூ.பி.சி. பட்டத்தை லண்டனில் ஒரு குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போவதே மேல் என்று முடிவெடுத்தார். அறிமுகத்திலிருந்து அதுவரை மூன்றரை ஆண்டுகள். ஹாரிசன் அதே மூன்றரை ஆண்டுகளில் எட்டிய உச்சம் டபிள்யூ.பி.எஃப்.

லூயிஸை முன்வைப்பது அடுத்த தடைக்கும் பதில் சொல்ல உதவும். ஹாரிசனின் தாடை பலவீனம், அவ்வளவுதான் விஷயம் என்பார்கள். 2007 பிப்ரவரியில் மைக்கேல் ஸ்ப்ராட் ஒரே இடக்கைக் குத்தில் அவரை மூன்றாவது சுற்றில் படுக்கவைத்தார். பிறகு ஹே, 2012இல் எண்பத்திரண்டே விநாடிகளில் டேவிட் பிரைஸ், 2013இல் டியான்டே வைல்டர். பட்டியல் நீளமானதுதான். ஆனால் லூயிஸும் இரண்டுமுறை ஒற்றைக் குத்தில் பட்டம் இழந்தவர்: 1994இல் மெக்காலிடம், 2001இல் ஹசீம் ரஹ்மானிடம். இருவரையும் மறுபடி அழைத்து வென்றார். தாடை உடற்கூறு சார்ந்தது மட்டுமல்ல. குத்து வருவதை முன்பே பார்ப்பவன் தாங்கிக்கொள்கிறான், பார்க்காதவன் விழுகிறான்; பார்க்கும் பழக்கம் ஆபத்தானவர்களோடு ஆடி ஆடித்தான் வரும். முதல் பத்தொன்பது போட்டிகளில் ஹாரிசனுக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை. கிடைத்தபோது தாடைக்கு வயது முப்பத்தைந்து. ஆபத்தில்லாத ஆட்களோடு மட்டும் ஆடிய காலத்தில் தாடை வலுவாக இருந்ததா பலவீனமாக இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது சோதிக்கப்படவே இல்லை.

நெஞ்சுரம் இல்லை என்ற குற்றச்சாட்டு இதைவிட வலுவானது. ஹே போட்டியைப் பார்த்தவர்களிடம் இதை மறுப்பது கடினம். இரண்டு சுற்று முழுக்கக் கைகளைத் தூக்கிவைத்தபடி, ஏதோ ஒன்றுக்காகக் காத்திருப்பவர்போல நின்ற மனிதருக்காக வாதாட நானும் தயாரில்லை. ஆனால் அதற்கு ஏழு மாதம் முன்பு, 2010 ஏப்ரலில், ஐரோப்பியப் பட்டத்துக்காக அதே ஸ்ப்ராட்டுடன் நடந்த மறுபோட்டியையும் கணக்கில் எடுக்க வேண்டும். மார்புத் தசை கிழிந்து ஒரு கை கிட்டத்தட்டச் செயலற்றுப்போன நிலை. புள்ளியில் பின்தங்கியிருந்தார். நாக் அவுட் தவிர வேறு வழியில்லாத பன்னிரண்டாவது சுற்றில் இடக்கையால் ஒரே குத்து, ஸ்ப்ராட் எழவில்லை. மூன்றாண்டுக்கு முன்பு தன்னை மயங்கவைத்த அதே மனிதரைப் போய் மறுபடி சந்திப்பதும், காயத்தோடு கடைசி மூன்று நிமிடத்தில் அவரைச் சாய்ப்பதும் நெஞ்சுரம் இல்லாதவர் செய்யக்கூடியதல்ல. வில்லியம்ஸையும் ஓராண்டு கழித்து அழைத்து மூன்றாவது சுற்றில் முடித்திருந்தார். தெரிந்த எதிராளி, ஒருமுறை அளந்து பார்த்த எதிராளி என்றால் ஹாரிசன் துணிந்தார். புதிய ஆபத்தின் முன்னால்தான் உறைந்தார். அதைக் கோழைத்தனம் என்று ஒற்றைச் சொல்லில் அடைப்பதைவிட, கணக்குப் போட்டே பழகிய மூளை கணக்கில் வராததைக் கண்டு திகைத்தது என்று சொல்வதே ஆதாரத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

இதற்கெல்லாம் மேலாக, ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்ததுபோல ஒரு சான்று இருக்கிறது. ‘பிரைஸ்ஃபைட்டர்’ என்று ஒரு போட்டித் தொடர் அக்காலத்தில் பிரிட்டனில் நடந்தது. எட்டு வீரர்கள், ஒரே இரவு, மூன்று சுற்றுப் போட்டிகள், தோற்றவர் வெளியே, கடைசியில் நிற்பவருக்குப் பரிசு. தொழில்முறைக் குத்துச்சண்டையில் அமெச்சூர் வடிவத்துக்கு இதைவிட நெருக்கமான ஒன்று கிடையாது. 2009 அக்டோபரில், ரோகனிடம் தோற்று எல்லோரும் கைகழுவிவிட்ட நிலையில், ஹாரிசன் இதில் இறங்கி மூன்று பேரையும் வென்று பட்டத்தை எடுத்தார். 2013 பிப்ரவரியில், பிரைஸ் எண்பத்திரண்டு விநாடியில் வீழ்த்தி நான்கு மாதம் கழிந்த நிலையில், நாற்பத்தோரு வயதில் மறுபடி இறங்கி மறுபடி வென்றார். வழியில் ரோகனையும் பழிதீர்த்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து ஷெஃபீல்டில் வழக்கமான தொழில்முறைப் போட்டியில் வைல்டர் முன் நின்றபோது எழுபது விநாடிக்கு மேல் தாங்கவில்லை. பிரைஸ்ஃபைட்டரில் வந்தவர்கள் வைல்டர் தரத்தவர்கள் அல்ல என்பது உண்மை, இந்தச் சான்றை அளவோடுதான் பயன்படுத்த வேண்டும். ஆனாலும் ரோகன் இரண்டு போட்டிகளிலும் அதே ரோகன்தான். பத்துச் சுற்றில் அவரிடம் தோற்றவர் மூன்று சுற்றில் வெல்கிறார். வடிவம் மாறினால் ஹாரிசன் வேறு ஆளாகிவிடுகிறார் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

முப்பத்தொரு வெற்றி, ஏழு தோல்வி என்று அவர் கணக்கு முடிந்தது. மறுபடி வருவேன் என்று சில காலம் சொல்லிக்கொண்டிருந்தார். 2015இல், வாங்கிய அடிகளால் மூளையிலும் பார்வையிலும் பாதிப்பு ஏற்பட்டிருப்பதை வெளிப்படையாகச் சொல்லி ஓய்வை உறுதிசெய்தார். நெஞ்சுரம் இல்லாதவர் என்று கேலி செய்தவர்கள் இந்தச் செய்தியைப் பெரிதாகப் பேசவில்லை.

அவருடைய அனுபவத்திலிருந்து பாடம் எடுத்துக்கொண்டவர்கள் வேறு ஆட்கள். 2004 ஏதென்ஸில் வெள்ளி வென்ற அமீர் கான், தங்கத்துக்காகக் காத்திருக்காமல் பதினெட்டு வயதிலேயே புரமோட்டர் ஃபிராங்க் வாரனிடம் கையெழுத்துப் போட்டு ஐடிவி தொலைக்காட்சிக்குப் போனார். சிட்னிக்கு இரண்டு பேரை அனுப்பிய நாடு, ஷெஃபீல்டில் முழுநேரப் பயிற்சி மையம் அமைத்து 2012 லண்டனில் குத்துச்சண்டையில் மட்டும் மூன்று தங்கம் எடுத்தது. அவற்றில் ஒன்று அந்தோனி ஜோஷ்வாவின் சூப்பர் ஹெவிவெயிட் தங்கம். அதற்குள் அமெச்சூர் போட்டியே மூன்று நிமிடச் சுற்றுகளாக மாறியிருந்தது. தொழில்முறைக்குக் கடக்க வேண்டிய தூரம் அந்த அளவுக்குக் குறைந்தது. ஜோஷ்வா 2013இல் சேர்ந்தது புரமோட்டர் எடி ஹெர்னின் மேட்ச்ரூம் நிறுவனத்தில். ஹெர்ன் குத்துச்சண்டைக்குள் நுழைந்ததே ஹாரிசன் மூலமாகத்தான். லாஸ் வேகாஸின் போக்கர் மேசையில் அறிமுகமாகி, ஹாரிசனை பிரைஸ்ஃபைட்டருக்கும் ஸ்ப்ராட்டுக்கும் ஹேக்கும் கொண்டுசென்றவர் அவர். முப்பத்தேழு வயதில் ஹாரிசனுக்குக் கிடைத்த புரமோட்டர், ஜோஷ்வாவுக்கு முதல் நாளிலேயே கிடைத்தார். இரண்டரை ஆண்டில், பதினாறாவது போட்டியில், சார்ல்ஸ் மார்ட்டினை இரண்டு சுற்றில் வீழ்த்தி ஜோஷ்வா ஐ.பி.எஃப். உலகப் பட்டம் எடுத்தார்.

புரமோட்டர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. 2019 ஜூனில் நியூயார்க்கில், கடைசி நேரத்தில் மாற்று ஆளாக வந்த ஆண்டி ரூயிஸிடம் ஜோஷ்வா நான்குமுறை விழுந்து, அதுவரை சேர்த்திருந்த மூன்று உலகப் பட்டங்களையும் ஏழாவது சுற்றில் இழந்தார். வேகமாக ஏற்றிவிடுகிற கைகளே தவறான இரவுக்கும் தள்ளிவிடும். ஆனால் அந்த ஆண்டு டிசம்பரில் சவூதியின் திரியாவில் நடந்த மறுபோட்டி ஹாரிசனைப் பற்றியும் சிலவற்றைச் சொல்கிறது. உடல் எடையைக் குறைத்துக்கொண்டு வந்த ஜோஷ்வா பன்னிரண்டு சுற்றும் சுற்றிச்சுற்றி வந்தார். நீண்ட ஜாப் போட்டு விலகினார், மறுபடி ஜாப், மறுபடி விலகல். ரூயிஸை நெருங்கவே விடவில்லை. மூன்று நடுவர்களும் அவருக்கே கொடுத்தார்கள். தூரத்தைக் காத்துப் புள்ளி சேர்க்கும் அந்தப் பழைய அமெச்சூர் ஆட்டத்தைச் சலிப்பாக இருந்தது என்று சிலர் குறைபட்டார்கள், தோற்றவன் எழுந்துவந்த அறிவார்ந்த ஆட்டம் என்று பலர் பாராட்டினார்கள். ஜோஷ்வாவுக்கு அப்போது முப்பது வயது. அதற்கு முன்பே விளாடிமிர் கிளிச்கோவிடம் விழுந்து எழுந்து வென்றிருந்தார், ரூயிஸிடம் விழுந்து தோற்றும் இருந்தார். அதே முப்பது வயதில் ஹாரிசன் பிபிசிக்கு இன்னும் எத்தனை போட்டி பாக்கி என்று எண்ணிக்கொண்டிருந்தார்.